விழத் தெரிந்தவனே பயில்வான்!
(மேடை மல்யுத்தத்தில் கால் வைக்கும் இளைஞர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும்)

தீபாவளிக்கு மறுநாள் என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஈப்போவில் அடுக்குமாடி வீடு, நாலாவது மாடி. சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில் லயத்து வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை அவருடையது. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தோட்டத்து ஜனங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். தமக்கை குடும்பம் ஈப்போவுக்கு வந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே 'தொப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'தொப்'. பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். என் மருமகன், இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, பழைய மெத்தை இரண்டை அடுக்கி வைத்து அதன்மேல் மல்லாக்க விழுந்துகொண்டிருந்தான்! விழுவான், எழுவான், மறுபடியும் விழுவான்.

"பாத்தியா தம்பி இவன் கூத்தை? தொழிற்சாலை வேலை முடிஞ்சு சனிக்கிழமையான பஸ் ஏறி கோலாலம்பூருக்குப் போறான். கேட்டா, குஸ்தி கத்துக்கிறேன்றான். அடுத்த மாசம் மேடை ஏறப் போறானாம். அதுலயும் இவன்தான் தோக்கணுமாம்! நாலு பேர் முன்னால அடி வாங்கி விழவா இவனைப் பால் வெட்டிப் படிக்க வச்சேன்?" என்று தமக்கை பொரிந்து தள்ளினார்.

பையன் சிரித்துக்கொண்டே ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான். "மாமா, நீங்களே படிச்சுப் பாருங்க. அப்புறம் அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான். ஆறு மாதமாகப் பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருந்தான். அன்றிரவு அதைப் படித்தேன். பிறகு இரண்டு வாரம் அவனோடு பயிற்சிக்கூடத்துக்கும் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். அங்கே அறிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. மேடை ஏற ஆசைப்படும் பிள்ளைகள் எந்த வீட்டிலும் இருக்கலாம் அல்லவா?

தாரா சிங் நடந்த பாதை

இந்தக் கலை நம் நாட்டுக்குப் புதிதல்ல. நம் அப்பா, தாத்தா காலத்தில் 'கிங்காங் – தாரா சிங்' என்றால் சின்னப் பிள்ளையும் திரும்பிப் பார்க்கும். ஈப்போவில் ஜூபிலி பார்க், கோலாலம்பூரில் பி.பி. பார்க், சிங்கப்பூரில் கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என்று பொழுதுபோக்குப் பூங்காக்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. சிங்கப்பூர்ப் பூங்காக்களின் அரங்குகளில் மல்யுத்தம் என்றால் கூட்டம் அலைமோதும்.

தாரா சிங் 1928-இல் பஞ்சாபில் அமிர்தசரசுக்கு அருகிலுள்ள தர்மூசக் என்ற கிராமத்தில் பிறந்தவர். 1947-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறி வந்தார். வந்ததும் அவருக்குக் கிடைத்தது டிரம் செய்யும் ஆலையில் கூலி வேலை. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே கிரேட் வோர்ல்ட் அரங்கில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மல்யுத்தம் பயின்றார். பின்னர் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலாயா வீரர் பட்டத்தைப் பெற்றார். அங்கிருந்துதான் அவருடைய ஏற்றம் தொடங்கியது. 1959-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டமும், 1968-இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டமும் பெற்றார். 1983-இல் மேடையிலிருந்து ஓய்வு பெற்றார். 1987-இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக வந்து வீடுதோறும் கும்பிடு வாங்கியவரும் இவரே. 2012-இல் காலமானார்.

அவருக்கு எதிராக நின்ற கிங்காங்கின் உண்மைப் பெயர் எமில் சாயா. இன்றைய ருமேனியாவைச் சேர்ந்த ஊரில் பிறந்து, கீழ்த்திசைக்கு வந்து, சிங்கப்பூரையே தம் ஊராக்கிக்கொண்டவர். மலைபோன்ற உடம்பு, முரட்டுத் தாடி, உறுமல்! அவரைப் பார்த்துப் பயந்தவர்களும் திட்டியவர்களும் ஏராளம். 1970-இல் கார் விபத்தில் அடிபட்டு, அதன்பின் சிங்கப்பூரில் உயிர் நீத்தார். கிங்காங் இல்லாவிட்டால் தாரா சிங்குக்கு அத்தனை கைதட்டல் கிடைத்திருக்குமா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பொய்யா, மெய்யா?

"எல்லாம் பொய்ச் சண்டைதானே!" என்று பலர் சொல்கிறார்கள். வெற்றி தோல்வி முன்பே பேசி வைக்கப்படுகிறது என்பது உண்மைதான். 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இது போட்டியல்ல, கேளிக்கை என்று மல்யுத்த நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முடிவைத்தான் பேசி வைக்கலாமே தவிர, பூமியின் ஈர்ப்பைப் பேசி வைக்க முடியாது! மேடை என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகை அடித்து, மெல்லிய பஞ்சுப் படுகை விரித்து, மேலே கேன்வாஸ் இழுத்துக் கட்டியது. அதில் விழுவது மெய், வலிப்பதும் மெய். தெருக்கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்று ஊருக்கே தெரியும். அதற்காக யாராவது கூத்துப் பார்க்காமல் எழுந்து போவார்களா? எப்படி விழுகிறான் என்று பார்க்கத்தானே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்!

இனி, மேடை ஏறப் போகும் தம்பி தங்கைகளுக்கு நோட்டுப் புத்தகத்திலிருந்தும் பயிற்சிக்கூடத்திலிருந்தும் சில பாடங்கள்.

1. முதலில் விழப் பழகுங்கள்

அடிக்கக் கற்றுக்கொள்ளும் முன் விழக் கற்றுக்கொள்ள வேண்டும். மல்லாக்க விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை பலகையில் மோதாது. முதுகின் மேல்பகுதி பரவலாகத் தரையில் படவேண்டும். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கை கீழ்நோக்க, 'பட்'டென்று ஒரே சமயத்தில் மேடையில் அறைய வேண்டும். விழும் கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். விழுகையின் வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் உடம்பெங்கும் பிரிந்து போகும். அறையும் சத்தம் கூட்டத்துக்கும் கேட்கும்.

புதியவர்கள் செய்யும் பெரும்பிழை, பின்னால் கையை ஊன்றுவது. பயத்தில் கை தானாகவே பின்னால் போகும். ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போச்சு! குப்புற விழும்போதும் இப்படியே. முழங்காலை முதலில் குத்தாமல், முன்னங்கைகளும் உள்ளங்கைகளும் சேர்ந்து பட, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இவற்றை ஏட்டைப் பார்த்து வீட்டில் பழகக்கூடாது. சிமெண்டுத் தரையில் நிச்சயம் கூடாது. ஒருவர் பக்கத்தில் நின்று, முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்தும், பிறகு குந்திய நிலையிலிருந்தும், அதன்பிறகே நின்ற நிலையிலிருந்தும் விழவைத்துப் பழக்குவார். என் மருமகனின் மெத்தை வித்தை பயிற்சியாளர் காதுக்கு எட்டியபோது நல்ல திட்டு வாங்கினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்!

2. எதிராளியின் கழுத்து உங்கள் பொறுப்பு

நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்த வரி இதுதான். உங்களைத் தூக்குகிறவன் கையில் உங்கள் உயிர் இருக்கிறது. நீங்கள் தூக்கும்போது அவன் உயிர் உங்கள் கையில். நன்றாகப் பழகாத பிடியை மேடையில் போடக்கூடாது. களைத்துப் போன பிறகு யாரையும் தலைக்குமேல் தூக்கக்கூடாது. "எனக்கு இது வராது" என்று சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

ஜப்பானின் மித்சுஹாரு மிசாவா இந்தத் துறையின் மாபெரும் கலைஞர்களில் ஒருவர். 1981 முதல் மேடையில் நின்றவர். விழுவதில் அவருக்கு நிகரில்லை என்பார்கள். அவரே 2009 ஜூன் 13-ஆம் நாள் ஹிரோஷிமாவில், எத்தனையோ முறை வாங்கிப் பழகிய ஒரு வீச்சை வாங்கி விழுந்தவர் எழவில்லை. கழுத்துத் தண்டுவடம் சேதமுற்று, 46 வயதில் போய்ச் சேர்ந்தார். அவருக்கே அப்படி என்றால், ஆறு மாதப் பிள்ளைகள் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

இதற்காகவே சில ஏற்பாடுகள் உண்டு. பெரும்பாலான நாடுகளில் பிடிகளை எதிராளியின் இடக்கை, இடக்காலில்தான் போடுவது வழக்கம், மெக்சிகோவில் வலப்பக்கம். எந்தப் பக்கம் இழுக்கப் போகிறான் என்று இருவருக்கும் தெரிந்திருப்பதால் மூட்டு பிசகாது. கைப்பிடியில் மெல்ல அழுத்தி "நலமா?" என்று கேட்பதும், பதிலுக்கு அழுத்தி "நலமே" என்பதும் கூட்டத்துக்குத் தெரியாத பேச்சு. பதில் அழுத்தம் வராவிட்டால் ஆட்டத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். நடுவர் இரு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறிபோல் தூக்கிக் காட்டினால் உண்மையிலேயே அடிபட்டுவிட்டது என்று பொருள். அந்தக் குறியை விளையாட்டுக்கும் காட்டக்கூடாது.

3. கயிற்றை நம்புங்கள், ஆனால் பிடித்துக்கொள்ளுங்கள்

மேடையைச் சுற்றியுள்ள கயிறு ரப்பர் நாடா என்று நான் நினைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே எஃகு வடம்! சில இடங்களில் கனத்த கயிற்றின்மேல் நாடா சுற்றியிருப்பார்கள். ஓடிவந்து மோதினால் விலாவில் கன்றிப்போகும். முதல் மாதம் மருமகனின் முதுகு, கோடு கோடாகப் பால் வெட்டிய மரம்போல் இருந்ததாம்.

ஓடும்போது அடியை எண்ணி ஓட வேண்டும். மேடையின் அளவைப் பார்த்து இத்தனை அடி என்று முன்பே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றில் சாயும்போது ஒரு கையால் மேல்கயிற்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். கயிறு அறுந்தாலும் வெளியே போய் விழமாட்டீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் கூட்டம் வருமுன் மேடை ஏறி நடந்து பாருங்கள். எந்தப் பலகை தொய்கிறது, எந்த மூலை தளர்ந்திருக்கிறது என்று கால் சொல்லும். பால் வெட்டப் போகிறவர்கள் கத்தியைத் தீட்டிப் பார்க்காமலா மரத்தடிக்குப் போவார்கள்?

4. கடைசி வரிசைப் பாட்டிக்கும் தெரிய வேண்டும்

மேடை மல்யுத்தத்தில் பாதி உடம்பு, பாதி நடிப்பு. முன்வரிசைக்காரன் முகத்தைப் பார்ப்பான்; கடைசி வரிசையில் இருக்கும் பாட்டி உங்கள் தோளையும் நடையையும்தான் பார்ப்பாள். கோபம் என்றால் முதுகே கோபப்பட வேண்டும். நம் கூத்தாடிகள் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் எப்படி ஆடினார்கள்? அதைப்போல.

புதியவர்கள் தரையையே பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். அடுத்து என்ன செய்வது என்று மனத்துக்குள் மனப்பாடம் ஓடுவது முகத்தில் தெரிகிறது. தலையை நிமிர்த்துங்கள். ஒவ்வொரு செய்கைக்குப் பிறகும் கூட்டத்தைப் பாருங்கள். அவர்கள் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்லுங்கள். கூட்டம் அமைதியாக இருந்தால் இன்னும் பெரிய வித்தை காட்டத் தேவையில்லை. வேகத்தைக் குறைத்துக் கதையைப் புரியவையுங்கள்.

5. பட்ட வலியை மறக்காதீர்கள்

முழங்காலில் அடி வாங்கியவன் அடுத்த நிமிடமே கயிற்றின்மேல் தாவிக் குதித்தால் யார் நம்புவார்? எதிராளி பத்து நிமிடம் உங்கள் காலை முறுக்கிப் பாடுபட்டிருக்கிறான். நீங்கள் நொண்டாவிட்டால் அவன் உழைப்பு வீண். வெற்றி பெற்று மேடையைவிட்டு இறங்கும்போதும் அந்தக் காலை இழுத்துக்கொண்டே போங்கள். அவன் போட்ட அடிக்கு நீங்கள் தரும் மரியாதை அது.

அதற்காக எல்லா அடிக்கும் செத்தவன்போல் விழவும் கூடாது. சிறிய அடிக்குச் சிறிய வலி, பெரிய அடிக்குப் பெரிய வலி. உப்பைக் குழம்புக்குத் தக்கபடி போடுவதுபோல.

6. நாலு வித்தை போதும்

நாற்பது வித்தை தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை எல்லாருக்கும் வரும். முதல் ஆட்டம் ஏழெட்டு நிமிடம்தான் இருக்கும். அதில் நாலைந்து வித்தையைத் தெளிவாகச் செய்தால் போதும்.

ஆட்டம் என்பது ஒரு கதை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி எம்.ஜி.ஆர். படம் போட்டார்களே, அதே கதைதான்! முதலில் கதாநாயகன் தன் திறமையைக் காட்டுவான்; மக்கள் அவனை விரும்பத் தொடங்குவார்கள். பிறகு வில்லன் வஞ்சகமாக ஏதோ செய்து மேலே வருவான், நாயகன் அடிபடுவான், "எழுந்திரு, எழுந்திரு!" என்று கூட்டம் துடிக்கும். அப்புறம் நாயகன் எழுவான். கடைசியில் முடிவு. இந்த நான்கில் நடுப்பகுதிதான் ஆட்டத்தின் உயிர். நாயகன் எழுவதுபோல் எழுந்து மறுபடியும் விழ வேண்டும். சட்டென்று எழுந்துவிட்டால் கைதட்டல் பாதிதான் கிடைக்கும்.

7. வில்லன் வேடம் கேவலமா?

தமக்கையின் மனக்குறை இதுதான். பயிற்சியாளர் மருமகனுக்குக் கொடுத்தது வில்லன் வேடம், தோல்வியும் அவனுக்கே. நான் தமக்கையிடம் கேட்டேன்: "அக்கா, 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் சவுக்கடி வாங்கியது யார்?"

"நம்பியார்!" என்றார் உடனே. 1965-இல் வந்த படம், இன்னும் மறக்கவில்லை!

"அந்த நம்பியார் நிஜத்தில் எப்படிப்பட்டவர்?"

"ஐயப்ப பக்தராச்சே. சபரிமலைக்கு எத்தனையோ பேரைக் கூட்டிட்டுப் போன குருசாமி."

"அவர் அப்படி அடி வாங்காவிட்டால் எம்.ஜி.ஆருக்கு விசில் ஏது?"

தமக்கை பதில் சொல்லவில்லை.

தோற்பவன்தான் ஆட்டத்தைச் சுமக்கிறான். வெல்பவனை உயரமாகக் காட்டுவது தோற்பவனின் வேலை. அதைச் சரியாகச் செய்கிறவனைப் பயிற்சியாளர்கள் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். "நான் ஏன் தோற்க வேண்டும்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவன் அதிக நாள் நிலைப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. கூட்டத்தைக் கோபப்படுத்த எளிய வழி, இனத்தையோ மதத்தையோ இழுத்துப் பேசுவது. அதைத் தொடவே கூடாது. தலையைச் சீவிக்கொண்டே இருப்பது, நடுவரை ஏமாற்றுவது, கைகொடுப்பதுபோல் நீட்டி இழுத்துக்கொள்வது போன்றவை போதும். கூட்டம் உங்கள் வேடத்தைத்தான் வெறுக்க வேண்டும்; வீட்டுக்குப் போனபிறகும் வெறுக்கக் கூடாது.

8. உங்களுக்கென்று ஒரு வேடம்

தொலைக்காட்சியில் வரும் அமெரிக்கரைப்போல் நடக்கவும் பேசவும் முயன்றால் அது ஒட்டாது. உங்களிடம் இருப்பதையே பெரிதாக்கிக் காட்டுங்கள்.

நம் நாட்டின் 'பீனிக்ஸ்' நோர் டயானாவைப் பாருங்கள். 2014-இல் தோன்றிய மலேசியா புரோ ரெஸ்லிங் அமைப்பில் பயின்ற பெண். 155 சென்டிமீட்டர் உயரம், 43 கிலோ எடைதான். முதலில் முகமூடி போட்டு ஆடினார். பிறகு அதை அகற்றி, தலைத்துணி அணிந்தே மேடையில் நின்றார். 2019 ஜூலையில் நான்கு ஆண்களோடு மோதிப் பட்டம் வென்றபோது உலகச் செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின. இந்தியாவின் கவிதா தேவியோ, 'கிரேட் காளி' பஞ்சாபில் நடத்திய பள்ளியில் பயின்று, 2017-இல் அமெரிக்க மேடையில் சல்வார் கமீஸ் அணிந்தே சண்டையிட்டார். தம் உடையையும் மண்ணையும் மறைக்காமல் அதையே தம் அடையாளமாக்கினார்கள்.

நம் பிள்ளைகளுக்கு என்ன குறை? சிலம்பக் காலடி இருக்கிறது, உறுமி மேளம் இருக்கிறது, தலைக்கட்டு இருக்கிறது. மருமகன் தன் வேடத்துக்குப் பழைய தோட்டத்துக் கங்காணியின் மிடுக்கை எடுத்துக்கொண்டான். பிரம்பைச் சுழற்றிக்கொண்டு, பிரட்டுக்கு ஆள் எடுப்பதுபோல் கூட்டத்தை அதட்டிக்கொண்டு வருவான். அவன் தாத்தா சொன்ன கதைகளிலிருந்து பிடித்த நடை அது!

9. திரைக்குப் பின்னே

முதலில் வாருங்கள், கடைசியாகப் போங்கள். மேடை கட்டப் பலகை தூக்குங்கள். உடைமாற்றும் அறையில் இருக்கும் அனைவருக்கும் கைகொடுங்கள். மூத்தவர் சொல்வதைக் கேளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எதிராளியைத் தேடிப் போய் நன்றி சொல்லுங்கள். எங்கே பிசகியது என்றும் கேளுங்கள்.

குளித்து, நகம் வெட்டி, துவைத்த உடையோடு வாருங்கள். ஒருவர் தோல் நோய் எல்லாருக்கும் ஒட்டிக்கொள்ளும். மோதிரம், சங்கிலி, கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

10. உடம்பும் பிழைப்பும்

தலையில் அடிபட்டு மயக்கம், குமட்டல், பார்வை மங்கல், ஞாபகக் குழப்பம் எது வந்தாலும் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. "தாங்கிக்கொள்வேன்" என்ற வீரம் வேண்டாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சரி என்ற பிறகே மேடை. நாற்காலியால் தலையில் அடிப்பது, நெற்றியைக் கீறி இரத்தம் காட்டுவது போன்றவற்றை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். நாற்காலியால் தலையில் அடிப்பதை அமெரிக்காவின் பெரிய நிறுவனமே 2010-இல் தடை செய்துவிட்டது. சதை ஏற்றும் மாத்திரை, ஊசி பக்கம் போகாதீர்கள்.

வேலையை விட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது மிகக் கடினம். தொடக்கத்தில் கிடைக்கும் வெள்ளி பஸ் காசுக்கே சரியாக இருக்கும். எவ்வளவு தருவார்கள், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதை மேடை ஏறுமுன் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. தாரா சிங்கும் ஆலையில் உழைத்துக்கொண்டேதான் பயின்றார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை இதில் இறங்குகிறான் என்றால் உடனே சீறி விழாதீர்கள். தடுத்தால் ஒளிந்து செய்வான். ஒளிந்து செய்வதில்தான் கழுத்து முறிகிறது. ஒரு நாள் பயிற்சிக்கூடத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கிறாரா? முதல் வாரமே தலைகீழாகத் தூக்கிப் போடுகிறார்களா? அடிபட்டவனை ஓரமாக உட்கார வைக்கிறார்களா, "எழுந்து ஆடு" என்று விரட்டுகிறார்களா? இந்த மூன்றையும் பார்த்தாலே இடம் எப்படி என்று தெரிந்துவிடும். சிறு பிள்ளைகள் தொலைக்காட்சியைப் பார்த்து ஒருவர்மேல் ஒருவர் குதித்தால் மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை

மருமகனின் முதல் ஆட்டத்துக்குத் தமக்கை வரமாட்டேன் என்றுதான் சொன்னார். கடைசி நேரத்தில் சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இருநூறு பேர்கூட இருக்காத சிறு மண்டபம். நாங்கள் மூன்றாவது வரிசை.

பையன் பிரம்பைச் சுழற்றிக்கொண்டு வந்தான். கூட்டம் 'ஊ' என்று கூவியது. தமக்கை தலையைக் குனிந்துகொண்டார். எதிராளி ஒல்லியான மலாய்ப் பையன். அவனுக்கும் அதுதான் முதல் ஆட்டம். பாதி ஆட்டத்தில் அவன் கயிற்றின்மேல் ஏறும்போது கால் வழுக்கித் தலைகுப்புறச் சரிந்தான். அது பேசி வைத்ததல்ல, எனக்கே தெரிந்தது. என் மருமகன் ஒரே பாய்ச்சலில் கீழே புகுந்து, அவனைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, தானே மல்லாக்க விழுந்தான். 'பட்'டென்று கைகள் அறைந்த சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது. கூட்டம் அதை எதிராளியின் புது வித்தை என்று நினைத்து ஆரவாரித்தது! நடுவர் மூன்று எண்ணினார். மருமகன் தோற்றான்.

ஆட்டம் முடிந்து நாங்கள் வெளியே நின்றபோது அந்த மலாய்ப் பையன் வந்தான். தமக்கையின் கையைப் பற்றிக் குனிந்து சலாம் செய்தான். "மக்சிக், அனாக் மக்சிக் ஜாகா சாயா பாயிக்-பாயிக்" என்றான். 'உங்கள் மகன் என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்' என்று பொருள்.

தமக்கை கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் கழுத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டே கேட்டார்: "சூடா மாக்கான்?"

மகனுக்கென்று கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றில் பாதி அவனுக்குப் போயிற்று.